தம்பிய ஐடிஐல சேக்கலாமா? ஒரு அக்காவோட கேள்விக்கு பதில்

கேள்வி:

வணக்கம் சார். நாங்க பள்ளிபாளையம். அப்பா கூலிக்கு தறி ஓட்டறாரு, அம்மாவுக்கு முடியல, வீட்டோட இருக்காங்க. எனக்கு 24 வயசு, ப்ளஸ் டூ முடிச்சதும் பெருந்துறை சிப்காட்ல ஒரு கார்மென்ட்ஸ்ல சேந்துட்டேன், இப்ப செக்கிங்ல இருக்கேன். தம்பி இந்த வருஷம் பத்தாவது, கவர்மென்ட் ஸ்கூல், 271 மார்க், கணக்குல 38 தான். படிப்புன்னா ஓடறான், ஆனா வீட்ல மிக்ஸி ஃபேன் எது போனாலும் அவன்தான் பாக்கறான், தறிப் பட்டறைல மோட்டார் ரிப்பேர்னா மெக்கானிக் பக்கத்துலயே நிப்பான். ஐடிஐ போறேங்கறான். பெரியப்பா "ஐடிஐக்கு போறவன் உருப்பட மாட்டான், ப்ளஸ் ஒன்ல ஏதாச்சும் ஒரு குரூப்ல போடு, பிகாம் படிக்கட்டும்"ங்கறாரு. அப்பாவுக்கு டிப்ளமோ ஆசை, ஒரு தனியார் பாலிடெக்னிக்லேர்ந்து வீட்டுக்கே வந்து பேசிட்டு போனாங்க. இன்னொருத்தர் மூணு மாச ஸ்கில் கோர்ஸ், 35,000 கட்டுங்க, நூறு சதவீதம் வேலைங்கறாரு. கடன் வாங்கித்தான் எதுவும் கட்டணும். ஐடிஐல சேத்தா அவன் படிப்பு அதோட முடிஞ்சிடுமா சார்? நாளைக்கு என்னைய திட்ட மாட்டானே?

பதில்:

அம்மிணி, முதல்ல பதில சொல்லிடறேன், காரணம் பின்னாடி. தம்பிய ஐடிஐல சேருங்க. எலக்ட்ரீஷியன் ட்ரேடு. முதல் முயற்சி அரசு ஐடிஐ, உங்களுக்கு ஆத்த தாண்டுனா ஈரோடு அரசு ஐடிஐ இருக்கு, அப்ளிகேஷன்ல அதையே முதல் சாய்ஸா போடுங்க. அந்த 35,000-த்த யாருக்கும் குடுக்காதீங்க, பாலிடெக்னிக்காரங்களுக்கு அட்வான்ஸ் எதாச்சும் குடுக்கறதா இருந்தா அதையும் நிறுத்துங்க. சர்டிஃபிகேட் ஒரிஜினல் யார் கைலயும் போகக்கூடாது, அட்மிஷன் முடிவாகறதுக்கு முன்னாடி ஒரிஜினல வாங்கி வச்சுக்கிட்டு அப்பறம் சீட்டு வேண்டாம்னா பணம் கட்டுன்னு நிக்கற இடங்கள் இருக்கு, ஜெராக்ஸ் மட்டும் குடுங்க.

இப்ப ஏன்னு சொல்றேன். நான் ஐடிஐல பயிற்சி அலுவலரா இருந்தவன், இப்ப பத்தாவது ப்ளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு வழி சொல்ற வேலைதான் பண்றேன். என்கிட்ட வர்ற எல்லா வீட்லயும் கேக்கற மொத கேள்வி "எந்த படிப்பு பெருசு"ங்கறதுதான். நான் கேக்க சொல்றது வேற. இந்த இடத்துல சேந்தா என் புள்ளையோட கை ஒரு வருஷத்துல எத்தன மணி நேரம் வேலை மேல இருக்கும்? தொழில் படிப்புக்கு இத விட பெரிய கேள்வி இல்லைங்க. 2022-ல திருத்தின ஐடிஐ பாடத்திட்டப்படி ஒரு வருஷத்துக்கு 1200 மணி நேரம் பயிற்சி, அதுல 840 மணி நேரம் ப்ராக்டிக்கல். எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷ ட்ரேடு, அப்படின்னா 1680 மணி நேரம் ஒர்க்‌ஷாப்புலயே நிக்கணும். கணக்குல 38 வாங்கி புத்தகத்த கண்டா ஓடற பையன், மோட்டார கண்டா கிட்ட போறான்னா அவனுக்கு இந்த 1680 மணி நேரம்தான் வேணும், வேற எந்த படிப்பும் இந்த வயசுல இத குடுக்காது.

அந்த மணி நேரத்துல என்ன நடக்கும்னு கேப்பீங்க. எலக்ட்ரீஷியன்ல சேந்ததும் கரண்ட தொட விட மாட்டாங்க, முதல்ல ஒரு இரும்பு துண்ட வைஸ்ல மாட்டி அரம் போட சொல்வாங்க, பசங்களுக்கு அழுகையே வரும், வயரிங் கத்துக்க வந்தேன் இரும்ப ராவ சொல்றாங்கன்னு. ட்ரை ஸ்கொயர் வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாத்தா எந்த பக்கம் பள்ளமா இருக்கோ அங்க வெளிச்சம் தெரியும், ஒசந்த பக்கத்த மறுபடி ராவணும், வெளிச்சம் தெரியாம ஆகற வரைக்கும். அப்பறம் வயர் ஜாயின்ட், சோல்டரிங், வீட்டு வயரிங், எர்த்திங், மெகர் வச்சு இன்சுலேஷன் பாக்கறது, ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். மோட்டார் ரீவைண்டிங் வர்றப்பதான் பாதி பேருக்கு தொழில் மேல ஆசையே வரும். எரிஞ்ச மோட்டார பிரிச்சு, பழைய காயில வெட்டி எடுத்து, ஒரு காயிலுக்கு எத்தன சுத்துன்னு எண்ணி நோட்டுல எழுதி, ஸ்லாட்டுல லெதராய்டு பேப்பர் செருகி, புது காயில் சுத்தி ஒவ்வொண்ணா எறக்கி, கனெக்‌ஷன் குடுத்து, வார்னிஷ் ஊத்தி காய வச்சு, மெகர் காட்டி, கடைசில சப்ளை குடுப்பாங்க. அது சத்தமில்லாம ஓடும்போது அந்த பையன் மூஞ்சிய பாக்கணும் நீங்க. அதுவரைக்கும் ஸ்கூல்ல எதுக்கும் பாராட்டு வாங்காதவனா இருப்பான்.

உங்க தம்பி தறிப் பட்டறைல மெக்கானிக் பக்கத்துல நிக்கறான்னு எழுதியிருக்கீங்களே, உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது அந்த வரிதான். 271 இல்ல. யாரும் சொல்லாம, காசு வராம, ஒரு பதினஞ்சு பதினாறு வயசு பையன் போய் நிக்கறான்னா அவனுக்கு என்ன புடிக்கும்ங்கறதுக்கு இத விட சாட்சி வேணுமா? இன்னிக்கு உங்க ஊர் பக்கம் சாதா தறிய எடுத்துட்டு ரேப்பியரும் ஏர்ஜெட்டும் போடறவங்க இருக்காங்க, அதுல போர்டு, சென்சார், ட்ரைவ்னு எல்லாமே கரண்ட் வேலை, அது நின்னா பாக்க ஆள் கிடைக்காம ஓனருங்க அலையறத நீங்களே பாத்திருப்பீங்க. அப்பாவோட தறி சத்தத்துல வளந்த பையன் அந்த வேலைக்கு போறதுல என்ன குறைச்சல்?

அடுத்து உங்க பெரிய பயம், படிப்பு அதோட முடிஞ்சிடுமான்னு. முடியாது. இத பெரியப்பாகிட்டயும் அப்பாகிட்டயும் தெளிவா சொல்லுங்க, ஏன்னா நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷ ஐடிஐ பாஸ் பண்ணுனவன் பாலிடெக்னிக்ல நேரடியா செகண்ட் இயர் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பிஇல நேரடியா செகண்ட் இயர், அதுக்கு காரைக்குடி அழகப்பா செட்டியார் காலேஜ் மூலமா தனி கவுன்சிலிங்கே நடக்குது. இதில்லாம, ஐடிஐ முடிச்சவன் தமிழ், இங்கிலீஷ் ரெண்டு பேப்பர மட்டும் ப்ளஸ் டூ அளவுல எழுதி பாஸ் பண்ணுனா அது ப்ளஸ் டூவுக்கு சமம்னு தமிழ்நாடு அரசே ஏத்துக்குது, அத வச்சு காலேஜும் போகலாம். அப்போ அப்பா ஆசைப்படற டிப்ளமோ எங்கயும் போயிடல, ரெண்டு வருஷம் தள்ளி ஆரம்பிக்குது, அவ்வளவுதான்.

"அந்த டிப்ளமோவ இப்பவே படிக்கட்டுமே, மூணு வருஷத்துல முடியுமே"ன்னு அப்பா கேப்பாரு. நியாயமான கேள்வி. கணக்குல 70, 80 வாங்கியிருந்தா நானே பாலிடெக்னிக்னுதான் சொல்லியிருப்பேன், அதுவும் அரசு பாலிடெக்னிக். ஆனா டிப்ளமோ முதல் வருஷம் முழுக்க கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ்தான், அங்கதான் அரியர் ஆரம்பிக்குது, 38 மார்க்குல வர்ற பையனுக்கு அந்த வருஷம் ரொம்ப கஷ்டம், அரியர் சேந்து சேந்து பாதில விட்டுட்டு வந்த பசங்க எத்தனையோ பேர் என் முன்னாடி உக்காந்திருக்காங்க, கைல டிப்ளமோவும் இல்ல தொழிலும் இல்ல. ஐடிஐ வழியா போனா அந்த முதல் வருஷத்த தாண்டி செகண்ட் இயர்ல போய் உக்காருவான், அதுக்குள்ள மோட்டார் எப்படி வேலை செய்யுதுன்னு கைல தெரிஞ்சிருக்கும், புத்தகத்துல வர்றத அவனால புடிச்சுக்க முடியும். அதனால மூணு வருஷ வழிய விட நாலு வருஷ வழி இவனுக்கு பக்கம்னு நான் சொல்வேன். போறதும் போகாததும் அப்ப அவன் இஷ்டம்.

ப்ளஸ் ஒன் பத்தி ஒரு வார்த்தை. "ஏதாச்சும் ஒரு குரூப்"ங்கறது எனக்கு சுத்தமா புடிக்காத பேச்சு. பிகாம் நல்ல படிப்பு, கணக்கு வழக்கு புடிச்ச புள்ளைக்கு. புடிக்காத குரூப்ல ரெண்டு வருஷம், அப்பறம் புடிக்காத டிகிரி மூணு வருஷம், அஞ்சு வருஷம் கழிச்சு அவன் மறுபடி மோட்டார் கத்துக்க வருவான். பக்கத்துல இருக்கற அரசு மேல்நிலைப் பள்ளிகள்ல தொழிற்கல்வி குரூப்ல பேசிக் எலக்ட்ரிக்கல் இஞ்சினியரிங் இருந்தா அது வேற விஷயம், அத விசாரிங்க, ஐடிஐ சீட்டு கைல கிடைக்காம போனா அது ஒரு நல்ல மாத்து வழி, அதுலேர்ந்தும் பாலிடெக்னிக் செகண்ட் இயர் போகலாம். வெறும் "ஏதாச்சும்" வேண்டாம்.

மூணு மாச கோர்ஸ் விஷயத்துக்கு வரேன். குறுகிய கால பயிற்சி எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், ஏற்கனவே தொழில் தெரிஞ்சவன் சிசிடிவி, சோலார், ஏசி சர்வீஸ்னு ஒண்ண கூட சேத்துக்க அது நல்லது, அதையும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் மூலமா இலவசமாவே பல இடத்துல நடத்தறாங்க. ஆனா உங்க தம்பிக்கு வயசு என்ன? பத்தாவது முடிச்ச பையனுக்கு பதினஞ்சு பதினாறுதான். மூணு மாசம் கழிச்சும் அதே பதினாறுதான். பதினெட்டு ஆகாதவங்கள அபாயகரமான வேலைல வைக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஒழுங்கான எந்த கம்பெனியும் எடுக்காது, அப்ப இந்த "நூறு சதவீதம் வேலை" எங்க கிடைக்கும்? வயசு பாக்காத எடத்துலதான் கிடைக்கும். பேப்பர்ல ட்ரெய்னி, நிஜத்துல லைன்ல பாக்ஸ் தூக்கற வேலை, ஹாஸ்டல் காசு சம்பளத்துல புடிச்சுப்பாங்க. ரெண்டு வருஷ ஐடிஐ முடிக்கும்போது தம்பிக்கு கரெக்டா பதினெட்ட ஒட்டி வந்துடும், சட்டப்படி நல்ல கம்பெனிக்குள்ள போற வயசு. இத அந்த ஆள்கிட்ட கேட்டு பாருங்க, "என் தம்பிக்கு பதினாறு வயசு, எந்த கம்பெனி, என்ன வேலை, லெட்டர்பேட்ல எழுதி குடுங்க"ன்னு. எழுதி குடுக்க மாட்டாரு.

பணம். இதுதான் உங்க ராத்திரி தூக்கத்த கெடுக்கற விஷயம்னு தெரியுது. அரசு ஐடிஐல ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. அப்ளிகேஷன் 50 ரூபா, சேரும்போது சில நூறு ரூபா. மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், யூனிஃபார்ம், ஷூ, புத்தகம், வரைபடக் கருவி எல்லாம் அரசே குடுக்குது. அதோட தம்பி 6-ஆவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவன் பேங்க் அக்கவுண்ட்லயே வரும், ஐடிஐக்கும் அது உண்டு. ரெண்டும் சேந்தா 1750. பெரிய தொகை இல்லதான், ஆனா கடன் வாங்கி கட்ட வேண்டிய எடத்துல, கட்டாம, கைக்கு வருது பாருங்க. ஆதாரோட லிங்க் ஆன அக்கவுண்ட் ஒண்ணு அவன் பேர்ல இப்பவே ஓப்பன் பண்ணி வைங்க, இது இல்லாம உதவித்தொகை மாசக்கணக்கா நின்னு போன பசங்கள நிறைய பாத்திருக்கேன். ஸ்கூல்லேர்ந்து வாங்க வேண்டிய டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாத்துலயும் பேர், இனிஷியல், பொறந்த தேதி ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஐடிஐல ஒருதடவ தப்பா ஏறுனா தேசிய அளவுல வர்ற சர்டிஃபிகேட்ல அது அப்படியே வரும், திருத்தறது பெரும்பாடு.

அப்ளிகேஷன் ஆன்லைன்லதான், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையோட சைட்ல. ப்ரவுசிங் சென்டர்ல இருநூறு முன்னூறு கேப்பாங்க, அதுக்கு பதிலா நேரா அரசு ஐடிஐக்கே போங்க, அங்க உதவி மையம் வச்சிருப்பாங்க, உக்கார வச்சு போட்டு குடுப்பாங்க. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக் மூணும் முதல்ல நிரம்பிடும், எலக்ட்ரீஷியன் ஒரு யூனிட்டுக்கு 20 பேர்தான், அதனால கடைசி தேதி வரைக்கும் இழுக்காதீங்க. எலக்ட்ரீஷியன் கிடைக்கலைன்னா வயர்மேன் கேளுங்க, அதுவும் ரெண்டு வருஷம்தான். இப்ப 2023-லேர்ந்து டாடா டெக்னாலஜிஸ் கூட சேந்து 71 அரசு ஐடிஐகள 2877 கோடில நவீனமாக்கி ரோபோட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சிஎன்சி, எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக்னு புது ட்ரேடுகள் வந்திருக்கு. மெஷினெல்லாம் அருமையா இருக்கு, நான் போய் பாத்து சந்தோஷப்பட்டேன். தம்பிக்கு எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக் புடிச்சா தாராளமா எடுக்கட்டும், ரெண்டு வருஷ ட்ரேடு. ஆனா பேர் புதுசா இருக்குன்னு மட்டும் எடுக்க வேண்டாம், மின்வாரிய வேலைக்கோ ரயில்வேக்கோ நோட்டிஃபிகேஷன் வர்றப்ப எந்தெந்த ட்ரேடு தகுதின்னு ஒரு லிஸ்ட் இருக்கும், எலக்ட்ரீஷியன் அதுல வழக்கமா இருக்கும், புது ட்ரேடு எல்லாம் இன்னும் அந்த அளவுக்கு ஏறல.

அரசு சீட்டு கிடைக்காம தனியார் ஐடிஐதான்னு ஆச்சுன்னா பதற வேண்டாம், தனியார்லயும் அரசு ஒதுக்கீட்டு சீட்டு இருக்கு, கவுன்சிலிங் வழியா போனா செலவு கம்மி. ஆனா சேக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள்ல, காலைல பதினொரு மணி வாக்குல, சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க. ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சு டீ குடுத்து ஆல்பம் காட்டுவாங்க, அத விட்டுட்டு "ஒர்க்‌ஷாப்ப பாக்கலாங்களா"ன்னு கேளுங்க. வைஸ்ல இரும்புத் தூள் கிடக்குதா, இல்ல தூசி படிஞ்சிருக்கா? ஒயரிங் போர்டுல புது ஒயர் இருக்கா? பசங்க யூனிஃபார்ம்ல கறை இருக்கா? பிரிச்சு போட்ட மோட்டார் ஒண்ணாச்சும் பெஞ்சு மேல இருக்கா? அந்த நேரத்துல பசங்க இல்லாம ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தா திரும்பி பாக்காம வந்துடுங்க. "வரலைன்னாலும் பரவால்ல, அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்"னு யாராச்சும் சொன்னா அது சலுகை இல்ல, உங்க தம்பியோட 1680 மணி நேரத்த திருடறாங்க. பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேணும்னு விதி வச்சிருக்கறதே அந்த நேரத்துக்காகத்தான். இன்னொன்ன மறக்காம கேளுங்க, என்சிவிடி, அதாவது தேசிய தொழிற்பயிற்சிக் குழு அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, "எலக்ட்ரீஷியன் ட்ரேடுக்கு இருக்கா"ன்னு கேளுங்க. அங்கீகாரம் ட்ரேடு வாரியா, யூனிட் வாரியா குடுக்கறது, ஃபிட்டருக்கு வாங்கிட்டு அத காட்டி எலக்ட்ரீஷியனுக்கு ஆள் சேக்கறவங்களும் இருக்காங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கற விஷயம். ஐடிஐ பாஸ் பண்ணுனதும் எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு கிடைச்ச வேலைக்கு ஓட விட்டுடாதீங்க. அப்ரெண்டிஸ், அதாவது ஒரு கம்பெனிக்குள்ளயே உதவித்தொகையோட தொழில் பழகறது, ஒரு வருஷம் கண்டிப்பா போகணும். 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கம்பெனி ஒவ்வொண்ணும் இத்தன சதவீதம் அப்ரெண்டிஸ் எடுத்தே ஆகணும், 2019-ல திருத்தின விதில ஐடிஐ முடிச்சவனுக்கு குறைஞ்சது மாசம் 7000 ரூபா உதவித்தொகைன்னு வச்சாங்க. வருஷம் முடிஞ்சு பரீட்சை எழுதி பாஸ் பண்ணுனா தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ், பசங்க பாஷைல என்ஏசி. நிறைய அரசு வேலை அறிவிப்புல ஐடிஐ சர்டிஃபிகேட்டோட இதுக்கும் தனி மதிப்பு இருக்கு. ரயில்வேல அப்ரெண்டிஸ் முடிச்சவங்களுக்கு ரயில்வேயோட லெவல் ஒன், அதாவது ஆரம்ப நிலை வேலைல 20 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாங்க ரயில் ஓட்டற வேலையோட முதல் படி, அதுக்கும் பத்தாவதோட ஐடிஐ எலக்ட்ரீஷியன் போதும்னு எத்தன பேருக்கு தெரியும்? மின்வாரியத்துல கள உதவியாளர் வேலைக்கும் இதே ஐடிஐதான். பெரியப்பாகிட்ட இத சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, அவருக்கு தெரியாம இருக்கலாம், புள்ள நல்லா இருக்கணும்னுதான் அவரும் சொல்றாரு.

எங்க அப்ரெண்டிஸ் போலாம்னா, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை, போத்தனூர் ரயில்வே பட்டறைங்க, அரசு போக்குவரத்துக் கழகம், இல்ல உங்க பெருந்துறை சிப்காட்லயே இருக்கற பெரிய கம்பெனிங்க. ரயில்வே அப்ரெண்டிஸ்ல பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் சேத்துதான் மெரிட் போடறாங்க, பத்தாவதுல 50 சதவீதம் வேணும். தம்பி 271, அதாவது 54 சதவீதம், வாசப்படி தாண்டிட்டான். ஆனா லிஸ்ட்ல மேல வரணும்னா ஐடிஐல 80, 90-ன்னு எடுக்கணும். இத இப்பவே அவன்கிட்ட சொல்லுங்க, பத்தாவது மார்க்க இனி மாத்த முடியாது, ஐடிஐ மார்க் இன்னும் அவன் கைலதான் இருக்குன்னு. பரீட்சைன்னா பயப்படற பசங்க கூட ப்ராக்டிக்கல் மார்க்குல அள்ளிடுவாங்க.

கம்பெனில சேக்கறப்ப ஒண்ணு மட்டும் பாருங்க. அரசோட அப்ரெண்டிஸ் போர்ட்டல்ல ஒப்பந்தம் பதிவாகியிருக்கணும், அந்த ஒப்பந்த நம்பர் தம்பி கைல இருக்கணும். பதிவு இல்லாம "ட்ரெய்னி"ன்னு வச்சுக்கிட்டா அந்த வருஷம் கணக்குலயே வராது, பரீட்சையும் எழுத முடியாது.

அப்பறம் தொழில் ஓரளவு கைக்கு வந்ததும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துல கம்பியாள் தகுதிச் சான்று வாங்கிக்கட்டும். நாளைக்கு சொந்தமா வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கணும், கையெழுத்து போடணும்னா அதெல்லாம் தேவைப்படும். அது பிறகு பேசிக்கலாம்.

சம்பளம் பத்தி உங்ககிட்ட பூசி மெழுக மாட்டேன். முதல் ரெண்டு மூணு வருஷம் கம்மியாத்தான் இருக்கும், நைட் ஷிஃப்ட் இருக்கும், கூட படிச்சவன் காலேஜ்ல கேக் வெட்டற ஃபோட்டோ போடும்போது இவன் பேனல் போர்டுக்குள்ள தலைய விட்டுட்டு இருப்பான், அப்ப மனசு சோரும். அந்த நேரத்துல வீட்ல யாரும் "அன்னிக்கே சொன்னோம்ல"ன்னு ஆரம்பிக்கக்கூடாது. தொழில விட்டு ஓடற பசங்க நிறைய பேர் வேலை கஷ்டத்துல ஓடறதில்ல, வீட்ல மதிப்பில்லாம ஓடறாங்க. நீங்க அக்கா, உங்க பேச்ச அவன் கேப்பான்னு கடிதத்துலயே தெரியுது.

சேக்கறதுக்கு முன்னாடி அப்பாவையும் தம்பியையும் ஒருநாள் ஈரோடு ஐடிஐக்கு கூட்டிட்டு போங்க. பயிற்சி அலுவலர்கிட்ட கேட்டா ஒர்க்‌ஷாப்ப காட்டுவாங்க, இதுவரைக்கும் இல்லைன்னு சொன்ன ஆள நான் பாத்ததில்ல. அப்பா தறிக்காரர், மெஷின் தெரிஞ்ச மனுஷன், உள்ள போய் பசங்க கைல என்ன வேலை நடக்குதுன்னு பாத்தா நாம பேசற பேச்சே தேவைப்படாது. தம்பி அங்க என்ன பண்றான்னு பாருங்க. எந்த பெஞ்சு பக்கம் கால் போகுதோ, மோட்டார் பக்கமா, லேத் பக்கமா, அதுதான் ட்ரேடு. எலக்ட்ரீஷியன்னு நான் சொன்னது நீங்க எழுதுனத வச்சு, அவன் லேத் முன்னாடி போய் நின்னுட்டு நகர மாட்டேன்னா டர்னரோ மெஷினிஸ்டோ போடுங்க, தயங்க வேண்டாம்.

"நாளைக்கு என்னைய திட்ட மாட்டானே"ன்னு கேட்டிருக்கீங்க. இருபத்துநாலு வயசுல வீட்டு பாரத்தையும் தூக்கிட்டு தம்பி படிப்புக்கு இப்படி நாலு பேர்கிட்ட விசாரிக்கற அக்காவ எந்த தம்பியும் திட்ட மாட்டான் அம்மிணி. ஆனா முடிவ அவன் வாயால சொல்ல வைங்க. அப்ளிகேஷன்ல ட்ரேட அவனே தேர்வு பண்ணட்டும், அவன் கையாலயே.

கடைசியா, நீங்க கேக்காத ஒண்ணு. ப்ளஸ் டூ முடிச்சதும் வேலைக்கு போயிட்டேன்னு ஒரே வரில எழுதிட்டு தாண்டிட்டீங்க. ஐடிஐல பெண்களுக்கு உச்ச வயசு வரம்பே கிடையாது. பெண்களுக்கு தனி இட ஒதுக்கீடு இருக்கு, கோயமுத்தூர்ல பெண்களுக்குன்னே அரசு ஐடிஐ இருக்கு. இப்ப உங்களால வேலைய விட முடியாது, புரியுது. தம்பி ஐடிஐ முடிச்சு அப்ரெண்டிஸ்ல உதவித்தொகை வாங்க ஆரம்பிக்கறப்ப உங்களுக்கு 26 ஆகும். அப்ப கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ட்ரேடுன்னா ஒரு வருஷம், சிவில் ட்ராஃப்ட்ஸ்மேன்னா ரெண்டு வருஷம். கார்மென்ட்ஸ்லயே மேல போகணும்னா அந்த லைன்ல குவாலிட்டி, பேட்டர்ன் பக்கம் பயிற்சிங்க இருக்கு. ஐடிஐக்கு தம்பிய கூட்டிட்டு போறீங்கல்ல, அப்ப உங்களுக்கும் சேத்து விசாரிச்சுட்டு வாங்க. உங்க ப்ளஸ் டூ மார்க், எந்த குரூப், ஷிஃப்ட் டைம் என்னன்னு எழுதி அனுப்புங்க, உங்களுக்கு தனியா பதில் எழுதறேன்.